"நீ படிச்சா மட்டும் போதும்" என்று சொல்லும் கொங்கு நாட்டுப் பெற்றோர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, படிக்கிறார்களா இல்லையா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கும், அப்புச்சி அம்மிச்சிகளுக்கும்,

வணக்கமுங்க.

நான் இந்த வட்டாரத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கணக்கு எடுக்கிறேன். முதல் செமஸ்டர் பிள்ளைகள் 'எம்-ஒன்' என்று சொல்லிப் பயப்படுகிற 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்னுடைய பேப்பர். அது போக, இருபது பிள்ளைகளுக்கு மென்ட்டர். மென்ட்டர் என்றால் யாரென்று உங்களுக்குத் தெரியும்: பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் உங்களைக் கூப்பிடுகிற மேடம்.

உங்கள் வீடுகளில் சொல்லப்படும் ஒரு பேச்சைப் பற்றித்தான் இந்த மடல். "நீ படிச்சா மட்டும் போதும் கண்ணு, மத்ததையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்." தறி ஓட்டியவர்களும், மஞ்சள் காட்டில் வெயிலில் நின்றவர்களும், பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவர்களும், தாங்கள் பட்டது பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்வது இது. அதிலிருக்கிற பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்னிடம் அரியர் வைக்கிற, அதாவது பேப்பரில் தேறாமல் பாக்கி வைக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் புத்தி குறைந்தவர்கள் இல்லை. 'மத்தது' என்று நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டீர்களே, அதில்தான் அவர்கள் தோற்கிறார்கள். ஏனென்றால் கல்லூரியில் படிப்பு என்பதே பாதிக்குப் பாதி அந்த 'மத்தது'தான்.

விதிமுறையைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பேப்பருக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடுகிற மார்க், 40; செமஸ்டர் தேர்வு 60. முந்தைய விதிமுறையில் இன்டர்னல் 20-தான். இரண்டும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். அது போக, செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் எடுக்க வேண்டும். இன்டர்னலில் 40-க்கு 38 வாங்கிய பையன், 100-க்கு எழுதி 60-க்குச் சுருக்குகிற கடைசிப் பரீட்சையில் 44 எடுத்தால் அரியர்தான். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும், போக்கு ஒன்றுதான். நூற்றுக்கு நாற்பது மார்க், செமஸ்டர் முழுக்க டெஸ்டாகவும் அசைன்மென்டாகவும் சிதறிக் கிடக்கிறது. மார்ச் மாதம் வந்தால் முட்டி மோதிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பள்ளிக்கூடத்துப் பழக்கம் இங்கே செல்லாது. எந்த டெஸ்ட் என்றைக்கு, எந்த ரெகார்டில் கையெழுத்து பாக்கி, பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, ரிசல்ட் வந்த பிறகு விடைத்தாள் நகல் கேட்கவும் மறுமதிப்பீட்டுக்குப் போடவும் எத்தனை நாள் அவகாசம், இதையெல்லாம் அவரவர் தலையில்தான் வைத்திருக்க வேண்டும்.

ஒரு பையனுக்கு மறுமதிப்பீட்டுத் தேதி போய்விட்டது. ஏன் தம்பி போடவில்லை என்றேன். "மாமாதான் மேடம் ரிசல்ட் பாப்பாரு, அவரு சொல்லல" என்றான். அவனுடைய பதிவு எண்ணே அவனுக்கு மனப்பாடம் இல்லை. மாமாவின் போனில் இருந்தது. பையன் நல்ல பையன். பாடம் கேட்டால் பதில் சொல்வான். அவன் செமஸ்டர் மட்டும் அவனிடம் இல்லை, மாமாவிடம் இருந்தது.

வருகைப் பதிவுக்கு வருகிறேன். இது உங்களோடு நேராகப் பேச வேண்டிய விஷயம். 75 சதவீதம் இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். 65-க்கும் 75-க்கும் நடுவே என்றால் உடம்பு சரியில்லாதது போன்ற காரணம் காட்டி, சான்றிதழ் கொடுத்து, விலக்கு வாங்க வேண்டும். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டியதுதான். ஒரு செமஸ்டருக்குச் சுமார் 75 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 18 நாளுக்கு மேல் லீவு போடக் கூடாது. அந்த 18 நாளை யார் தின்கிறார்கள் தெரியுங்களா? டெங்கு இல்லை, சினிமா இல்லை. நாம்தான். ஆவணியில் பங்காளி வீட்டுக் கல்யாணம், மூன்று நாள். தை பிறந்தால் பழனிக்குப் பாதயாத்திரை. பங்குனியில் பண்ணாரி குண்டம், ஈரோட்டில் பெரிய மாரியம்மன் நோம்பி, ஊருக்கு ஊர் கம்பம் நட்டுப் பொங்கல். நடுவில் காதுகுத்து, சீர், ஒரு எழவு. "மாமன் மொற செய்யணும் மேடம், பையன் நிக்காட்டி ஒறம்பரை என்ன நெனைக்கும்?" என்று கேட்கிறவர்களும் நீங்கள்தான், செமஸ்டர் கடைசியில் "அட்டெண்டன்ஸ் பாத்துப் போடுங்க மேடம்" என்று வந்து நிற்பவர்களும் நீங்கள்தான். நானும் இந்த ஊர்க்காரிதான், எங்கள் வீட்டிலும் நோம்பி உண்டு. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. 18 நாள் கையிருப்பு என்று பிள்ளைக்குத் தெரியட்டும். எந்தக் கல்யாணத்துக்கு மூன்று நாள், எதற்கு முகூர்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டுவது என்று அந்தப் பிள்ளையே சொல்லட்டும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பெரியப்பாவிடம் "அன்னிக்கு எனக்கு மாடல் எக்ஸாம் பெரியப்பா, ராத்திரி வந்துர்றேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டால், நான் எடுக்கிற ஒரு யூனிட் கால்குலஸை விட அது அவளுக்குப் பெரிய பாடம்.

இந்தப் பழக்கம் கல்லூரியில் தொடங்குவது இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். பிராய்லர் பள்ளி. கோழிப்பண்ணை ஊரில் அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-இலிருந்து கிடையாது. கணக்கில் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200-க்குக் கட்-ஆஃப். எல்லாம் பிளஸ் டூ மார்க்கில். அதனால் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே திரும்பத் திரும்ப நடத்திய பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில ரேங்க் அறிவிப்பதும் 2017-இல் நின்றது. இப்போது 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்று என்னைப் போன்றவர்களுக்கு உள்ளூரப் பயம்தான். ஏனென்றால் மேட்ரிக்ஸ், லிமிட், டிஃபரன்ஷியேஷன் எல்லாம் முதலில் வருவது பிளஸ் ஒன் புத்தகத்தில். அது இல்லாமல் வருகிற பிள்ளைக்கு என் வகுப்பில் முதல் வாரமே கண்ணைக் கட்டும்.

விட்டுப்போன பாடத்தை ஒரு மாதம் உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். அதை விடப் பெரிய நஷ்டம் வேறு. விடியுமுன் எழுப்பிவிட ஒரு ஆள், எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்று சொல்ல ஒரு ஆள், எழுதிக் காட்டியதைத் திருத்த ஒரு ஆள், தூங்கச் சொல்ல ஒரு ஆள். இரண்டு வருடம் இப்படி இருந்துவிட்டு 190-க்கு மேல் கட்-ஆஃபோடு வருகிற பையன், கல்லூரி ஹாஸ்டலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். "எத எடுத்துப் படிக்கறதுன்னு யாரும் சொல்லல மேடம்." நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. யாராவது மணி அடிப்பார்கள் என்று காத்திருக்கிறான். காத்திருந்த நேரத்துக்குப் போன் இருக்கிறது. அப்புறம் என்ன, ரீல்ஸ்தான்.

நீங்கள் பதினெட்டு வயதில் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்களில் ஒருவர் பல்லடம் பக்கம் பாவு நூல் எடுத்து வந்து, துணியாக்கி, எடை குறையாமல் ஒப்படைத்துக் கூலி வாங்கியவர். ஒருவர் சங்ககிரி லாரியில் கிளீனராக ஏறியவர். ஒருவர் போர் போடுகிற ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போய், பாஷை தெரியாத ஊரில் டீசலுக்கும் சோற்றுக்கும் கணக்கு வைத்தவர். திருப்பூரில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர்கள் பிறகு நாலு மெஷின் சொந்தமாகப் போட்டார்கள். உங்கள் அப்பா கையில் ரூபாயைக் கொடுத்து ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்பினார். கணக்கு இடித்தால் ராத்திரி வட்டலுக்கு முன்னால் பேச்சு விழுந்தது. அந்தப் பேச்சிலும் அந்த நஷ்டத்திலும்தான் உங்களுக்குத் தொழில் வந்தது. உங்களுக்குக் கிடைத்த அந்த ஒன்றை மட்டும், உங்கள் பிள்ளைக்குக் கஷ்டம் என்று நினைத்து எடுத்துவிட்டீர்கள். கஷ்டத்தை எடுங்கள். பொறுப்பையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள்.

கல்லூரி விழா மேடைகளில் ஜி.டி. நாயுடுவின் பெயர் தப்பாமல் வரும். கலங்கலில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டு ஆரம்பித்தவர். கைதட்டுவோம். கைதட்டி முடித்து வெளியே வந்து, பிள்ளையின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை நாமே உட்கார்ந்து நிரப்புவோம்.

அரியர் வந்தால் வீட்டில் என்ன பேச்சு என்பதும் எனக்குத் தெரியும். "பேப்பர் கஷ்டமாம்." "திருத்தறவங்க சரியில்ல." "அவனுக்கு ஏழரை நடக்குதுங்க மேடம், அடுத்த வருசம் சரியாயிரும்." ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் இதைப் பற்றி எழுதினார். தனக்கு நடப்பது தன் செயலால் வருகிறது என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம், அதிர்ஷ்டத்தாலும் பிறர் செயலாலும் வருகிறது என்று நம்புகிறவர்கள் மறு பக்கம். அவருக்கு ஏழரைச் சனி தெரியாது, ஆனால் சொன்னது அதைத்தான். திருநள்ளாறு போவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, போய்விட்டு வாங்க. ஆனால் எந்த யூனிட்டில் மார்க் போனது, அந்த வாரம் என்ன செய்தாய் என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போங்க. மிரட்டாமல் கேட்க வேண்டும். மிரட்டினால் பொய்தான் வரும். "அடுத்த தடவைக்கு என்ன ஏற்பாடு வெச்சிருக்கற?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

இதன் எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். பர்கூர் மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தமிழ் வழி, அரசுப் பள்ளி, வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று அவளே அலைந்திருக்கிறாள். கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று அவளே தேர்ந்தெடுத்திருக்கிறாள். முதல் இன்டர்னலில் என் பேப்பரில் பெயில். அன்றைக்குச் சாயங்காலமே விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். "எனக்கு இங்கிலீஷ் கேள்வியே புரியல மேடம், கணக்கு வருது" என்றாள். என்ன குறை என்று அவளுக்கே தெரிந்திருந்தது, கேட்க வெட்கமும் இல்லை. செமஸ்டரில் பாஸ். அவளை விடக் கெட்டிக்காரப் பிள்ளைகள் அதே வகுப்பில் அரியர் வைத்திருந்தார்கள். ஆபீஸ் ஆபீஸாக அலைய விட்டது நல்லது என்று நான் சொல்லவில்லை, அது அவளுக்கு நேர்ந்த அநியாயம். ஆனால் தன் காரியத்தைத் தானே கையில் எடுத்த பழக்கம் அவளிடம் இருந்தது, அது அவளைக் காப்பாற்றியது.

இதைப் படித்துவிட்டு, பெயிலானால் அது பிள்ளையின் தப்பு மட்டும்தான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி செமஸ்டரில் ஆசிரியர் மாறினால் அது பிள்ளையின் பொறுப்பு இல்லை. லேபில் மெஷின் ஓடாவிட்டால் அதுவும் இல்லை. சாயங்காலம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிற பிள்ளையிடம் போய் பொறுப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவனிடம் பொறுப்பு ஏற்கனவே அளவுக்கு மேல் இருக்கிறது, நேரம்தான் இல்லை. 'மாணவர் பொறுப்பு' என்ற பேச்சைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, தாங்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிற நிர்வாகங்களும் உண்டு. அவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும்.

ஆனால் இந்தத் தடவை உங்களுக்கு எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. அட்மிஷன் சமயத்தில் கல்லூரிக்காரர்கள் உங்களிடம் என்ன சொல்கிறார்கள்? "பையன் வகுப்புக்கு வரலைன்னா பத்து நிமிசத்துல உங்க போனுக்கு மெசேஜ் வந்துருங்க. செல்போன் அலவ்டு இல்லீங்க. ஸ்டடி அவர் கம்பல்சரி." நீங்கள் தலையாட்டிவிட்டு அந்தக் கல்லூரியில் சேர்க்கிறீர்கள். நீங்கள் வாங்குவதால்தான் அவர்கள் விற்கிறார்கள். நீங்கள் வேறு கேட்டால் அவர்களும் வேறு வைப்பார்கள்.

பதினெட்டு முடிந்ததும் பையனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கிறீர்கள். அவிநாசி ரோட்டில் அவன் என்ன வேகத்தில் போகிறான் என்று உங்களுக்குத் தெரியாது, நம்பித்தான் சாவியைக் கொடுத்தீர்கள். பரீட்சைக் கட்டணத்தை மட்டும் நம்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம். புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் அவர்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வருகிறது. பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். என் பெண் பிள்ளைகளில் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், "அப்பாகிட்ட" என்கிறார்கள். வீட்டில் நெருக்கடி என்றால் அவளிடமே கேட்டு வாங்குங்கள், கொடுப்பாள். ஆனால் கார்டு அவளிடம் இருக்கட்டும். மூன்றாம் வருடத்தில் ஜாதகத்தை வெளியே எடுத்துவிட்டு, "வேலைக்குப் போறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்ன வீடுகளில், நாலாம் வருடம் அந்தப் பெண் எதற்காக மெனக்கெட்டுப் படிப்பாள்? தன் முடிவு என்று ஒன்றும் இல்லாத இடத்தில் பொறுப்பு மட்டும் எப்படி வரும்?

கல்விக் கடனும் அப்படித்தான். வங்கியில் கடன் வாங்குவது உங்கள் பிள்ளையின் பெயரில், நீங்கள் கூடக் கையெழுத்துப் போடுகிறவர்கள். வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் போன பிறகு தவணை தொடங்கும், அதுவரைக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பாஸ்புக்கின் தொகை தெரியும்? உட்கார வைத்துக் காட்டுங்கள். பயமுறுத்தத் தேவையில்லை, உள்ளதைக் காட்டினால் போதும். பல கம்பெனிகள் கேம்பஸுக்கு வரும்போதே நிலுவை அரியர் இருந்தால் உட்கார விடுவதில்லை. கடன் தொகையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு நான் அறிவுரை சொல்ல வேண்டிய அவசியமே வராது.

சரி, வேலையாக என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கல்லூரி போர்ட்டலின் பாஸ்வேர்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் மறந்துவிடுங்கள். லீவு வேண்டுமென்றால் நீங்கள் கூப்பிட வேண்டாம், பிள்ளையே எழுதிக் கொடுக்கட்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது, நான் கேட்கிற கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளை பதில் சொல்லட்டும். இப்போது பையன் வாயைத் திறக்குமுன் அம்மா சொல்லி முடித்துவிடுகிறார்கள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். செலவுக்கு மாதம் ஒரு தடவை மட்டும் பணம் போடுங்கள், இருபதாம் தேதியே தீர்ந்தால் தீரட்டும், ஹாஸ்டலில் சோறு இருக்கிறது. சின்னத் தப்புகள் எல்லாம் முதல் வருடத்திலேயே நடந்துவிட்டால் நல்லது. அங்கே நஷ்டம் ஒரு டெஸ்ட், ஒரு அபராதம். நாலாம் வருடத்தில் அதே தப்பு ஒரு வேலையைத் தின்றுவிடும்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "இனி உன் பாடு" என்று கைகழுவச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்றாலோ, பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, ஆள் மாறிவிட்டது என்று தோன்றினாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். மார்க்கைப் பற்றி மட்டும் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

வருகிற நவம்பர் செமஸ்டருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியை உங்கள் பிள்ளைகளிடம் வகுப்பில் சொல்லிவிட்டேன், போர்டிலும் எழுதிப் போட்டிருக்கிறேன். பெற்றோர் குரூப்பில் இந்தத் தடவை அதைப் போடப் போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் கணக்கு மேடம்